நம் வட்டாரத்துக்கு ஒரு வானொலி

(உலக வானொலி நாளையொட்டி, நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பிப்ரவரி மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அடுத்து தண்ணீர் லாரி, பராமரிப்புக் கட்டணம் என்று இரண்டு பெரிய விஷயங்கள் காத்திருப்பதால் நேரத்தை மீற மாட்டேன்.

2015 டிசம்பர் முதல் வாரத்தை இங்கே பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரத்துக்குள் வந்தது, மின்சாரம் போனது, செல்போன்களும் ஒவ்வொன்றாக அடங்கின. சார்ஜ் இருந்தவர்களுக்கும் சிக்னல் இல்லை. மூன்றாவது மாடியில் நின்றபடி, நாலு தெரு தள்ளி என்ன நடக்கிறது என்று தெரியாமல் தவித்தோம். எங்கள் வீட்டில் பேட்டரி போட்ட பழைய டிரான்சிஸ்டர் ஒன்று இருந்தது. அதில் செம்பரம்பாக்கம் பற்றிக் கேட்டோம், முதலமைச்சர் அறிவிப்பைக் கேட்டோம். ஆனால் படகு எந்தத் தெருமுனைக்கு வருகிறது, பால் எங்கே கிடைக்கிறது, எந்தப் பள்ளிக்கூடத்தில் ஆட்களைத் தங்க வைத்திருக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. மாநிலம் முழுவதற்கும் பேசுகிற வானொலியால் நம் தெருவுக்குப் பேச முடியாது. அது அவர்கள் குற்றமும் இல்லை.

அதே வெள்ளத்தின்போது கடலூர் மாவட்டத்தில் 107.8 அலைவரிசையில் தற்காலிகமாக ஒரு வானொலியே தொடங்கினார்கள். நிவாரணம், சுகாதாரம் என்று அந்த மாவட்டத்து மக்களுக்கு வேண்டியதை மட்டும் அது சொன்னது. நமக்கு அப்போது தேவைப்பட்டதும் அப்படி ஒன்றுதான்.

அதற்குச் சமுதாய வானொலி என்று பெயர். பலர் இதைத் தனியார் எஃப்.எம். என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. சமுதாய வானொலியை லாபத்துக்காக நடத்தக் கூடாது. 100 வாட் திறன்தான் அனுமதி என்பதால் சுமார் 10 முதல் 15 கிலோமீட்டர் சுற்றளவுக்குத்தான் கேட்கும். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்களிப்போடு அங்கேயே தயாராக வேண்டும்.

வானலைகள் பொதுச் சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2002இல் கல்வி நிறுவனங்களுக்கும், 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் அனுமதி விரிந்தது. நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி வேறெங்கோ இல்லை, நமக்குப் பக்கத்தில் கிண்டியில்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரி 1 அன்று 90.4இல் தொடங்கியது. சுற்றுவட்டாரக் குடிசைப் பகுதிப் பெண்கள் அங்கே வந்து உடல்நலம் பற்றி நிகழ்ச்சி தயாரித்துப் பேசியிருக்கிறார்கள். இதே 90.4இல்தான் பாம்பனில் கடல் ஓசை ஒலிக்கிறது. மீனவர்களுக்காக 2016இல் தொடங்கியது. கடலுக்குப் போகலாமா வேண்டாமா, காற்று எப்படி என்பதுதான் அங்கே தலைப்புச் செய்தி. தெலங்கானாவில் ஜகீராபாத் பக்கம் 2008 முதல் சங்கம் ரேடியோ இருக்கிறது. அதை நடத்துவது தலித் பெண்கள். சிறுதானியம், விதை, அவர்களுடைய பாட்டு, கதை எல்லாம் அதில் வரும்.

“வாட்ஸ்அப் குழு இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?” என்று போன வாரம் லிஃப்ட்டில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. நம் குழுவில் யார் இருக்கிறோம் என்று பாருங்கள். வீட்டுச் சொந்தக்காரர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், அவ்வளவுதான். வாட்ச்மேன் இல்லை. மூன்று வீட்டில் வேலை செய்துவிட்டு ஆற்றங்கரைக்குத் திரும்பிப் போகிற அக்கா இல்லை. இஸ்திரி போடுகிற அண்ணன் இல்லை. 2015இல் தண்ணீர் முதலில் புகுந்தது அவர்கள் வீட்டுக்குள்தான். நாம் மாடியில் நின்று பால் இல்லை என்று கவலைப்பட்டபோது அவர்களுக்கு வீடே இல்லை. நமக்கும் அவர்களுக்கும் ஒரே நேரத்தில், ஒரே சேதியைச் சொல்லக்கூடிய சாதனம் வானொலிதான். அதற்கு எழுத்துப் படிக்கத் தெரிய வேண்டாம், டேட்டா வேண்டாம். டவர் விழுந்தாலும் கேட்கலாம்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தி அறிக்கை தயாரித்து ஒலிபரப்ப முடியாது. ஆகாசவாணியின் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவே. வார்டு ஊழலைப் பற்றி அங்கே விவாதம் எதிர்பார்க்காதீர்கள். எனக்கு இதில் வருத்தம்தான். ஆனால் மழை, போக்குவரத்து, மின்தடை, குடிநீர், சுகாதார எச்சரிக்கை, உள்ளூர் விழா, வேலைவாய்ப்பு ஆகியவற்றை விதிகள் செய்தியாகக் கணக்கிடுவதில்லை, தாராளமாகச் சொல்லலாம். நம் வாட்ஸ்அப் குழுவில் தினமும் நாம் கேட்பதும் இதே பட்டியல்தானே?

பணமும் அவர்களுக்குத் தட்டுப்பாடு. மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போட இப்போது அனுமதி உண்டு, ஆனால் சிறிய நிலையத்துக்கு விளம்பரம் தேடி வருவதில்லை. பணத்தைவிட அவர்களுக்குப் பெரிய தேவை பேசுவதற்கு ஆள். அது நம்மிடம் இருக்கிறது.

இந்தக் கூடத்திலேயே பாருங்கள். மின்வாரியத்தில் முப்பது வருடம் இருந்த பொறியாளர் ஒருவர் இருக்கிறார். மழைக்காலத்தில் மீட்டர் பெட்டி பக்கம் எப்படிப் போக வேண்டும் என்று அவர் ஐந்து நிமிடம் பேசினால் ஓர் உயிர் தப்பலாம். சர்க்கரை நோய் பற்றிப் பேச மருத்துவர் இருக்கிறார். பி பிளாக் மாமி மார்கழி முழுக்கப் பாடினார், நாம் இருபது பேர்தான் கேட்டோம். நம் வாட்ச்மேன் ஊர்த் திருவிழாவில் பறை அடிப்பவர். எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே போன பொங்கலன்றுதான் தெரிந்தது.

நாமே நிலையம் தொடங்கலாம் என்று நான் சொல்லவில்லை. அனுமதி, கருவி, ஆட்கள் என்று அது பெரிய வேலை. நான் கேட்பது மூன்றே விஷயம்.

முதலாவது, வாட்ச்மேன் அறையில் பேட்டரியில் ஓடுகிற ஒரு டிரான்சிஸ்டரும் இரண்டு செட் பேட்டரியும் சங்கச் செலவில் வாங்கி வைப்போம். பருவமழைக்கு முன் ஒரு முறை போட்டுப் பார்ப்போம். இப்போது வருகிற பல செல்போன்களில் எஃப்.எம். கிடையாது, அதை நம்பாதீர்கள்.

இரண்டாவது, யார் யார் எதைப் பற்றிப் பேசுவார்கள், பாடுவார்கள் என்று ஒரு பட்டியல் தயாரிப்போம். வீட்டு வேலைக்கு வருபவர்கள், காவலாளிகள் பெயரும் அதில் இருக்க வேண்டும். அவர்களைப் பேச வைத்துவிட்டு நாம் பக்கத்தில் நின்று திருத்தக் கூடாது.

மூன்றாவது, அந்தப் பட்டியலோடு இரண்டு பேர் நேரில் போய், நம் பகுதியில் கேட்கிற ஒரு நிலையத்தைப் பார்த்துவிட்டு வரட்டும். ஒருவராக நான் போகிறேன். இன்னொருவர் வேண்டும்.

அடுத்த வெள்ளம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு நம் தெருவின் பெயரைச் சொல்லிப் பேச ஒரு குரல் இருக்க வேண்டுமென்றால், அந்தக் குரலோடு இப்போதே நமக்குப் பழக்கம் இருக்க வேண்டும்.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். இப்போது தண்ணீர் லாரிக்குப் போகலாம்.