பூசணமும் புதிய எரிபொருளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ரயில்வேயில் கணக்கெழுதிப் பிழைக்கும் அடியேனை விஞ்ஞானம் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது முதலில் தயங்கினேன். பின்னர், என் குடும்பத்துக்குத் தீங்கு செய்த ஒன்றைப் பற்றியே பேசலாம் என்று துணிந்தேன். அதுதான் பூசணம்.

நான் பிறந்தது இடுக்கி மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். என் பாட்டனார் மலையேறி வந்த காலத்துச் சீட்டுகளை என் தந்தையார் ஒரு தகரப் பெட்டியில் போற்றி வைத்திருந்தார். என் தங்கையின் மேற்படிப்புக்கு ஒரு சான்றிதழ் வேண்டியிருந்தது. பாட்டனார் இம்மலையில் எந்த ஆண்டு முதல் குடியிருந்தார் என்பதற்கு எழுத்து மூலமான ஆதாரம் கேட்டார்கள். பெட்டியைத் திறந்தோம். மழைக்கால ஈரத்தில் காகிதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பச்சைப் பூசணம் படர்ந்து, தொட்ட இடமெல்லாம் உதிர்ந்து போயின. வேறு ஆதாரம் தேடி அலைந்து முடிவதற்குள் அவளுக்கு ஓராண்டுப் படிப்பு வீணாயிற்று. எங்கள் தாயார் அந்தப் பூசணத்தைச் சபித்த சொற்களை இவ்வவையில் கூறலாகாது.

நிற்க. அப்பூசணம் காகிதத்தில் எதைத் தின்றது, எப்படித் தின்றது என்று எங்களில் எவரும் கேட்கவில்லை. ஆனால் அப்படிக் கேட்டவர்கள் உலகில் இருந்தார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் பெருங்கடலிலுள்ள சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினர் முகாமிட்டிருந்தனர். மழையும் ஈரமும் மிக்க தீவுகள் அவை. பருத்தித் துணியாலான கூடாரங்களும் சீருடைகளும் அங்கே இற்றுப் போயின. அத்துணியிலிருந்த பூசணத்தைப் பிரித்தெடுத்துப் படையினரின் ஆய்வுக்கூடத்தில் வளர்த்தார்கள். எல்வின் ரீஸ், மேரி மேண்டல்ஸ் முதலிய ஆராய்ச்சியாளர்கள் ஆண்டுக்கணக்கில் அதனை ஆராய்ந்தனர். 1977ல் அதற்கு ரீஸ் அவர்களின் பெயரால் ‘டிரைக்கோடெர்மா ரீசி’ என்று பெயரிடப்பட்டது. துணியைக் காப்பதற்காகத் தொடங்கிய ஆராய்ச்சி, 1973ல் எண்ணெய் நெருக்கடி வந்தபின், பூசணத்தின் தின்னும் திறமையையே வேலை வாங்கும் ஆராய்ச்சியாக வளர்ந்தது.

அந்தத் திறமைதான் என்ன? துணி, காகிதம், வைக்கோல், கரும்புச் சக்கை, மரத்தூள் ஆகிய யாவற்றிலும் செல்லுலோஸ் என்ற ஒரு பொருள் உண்டு. குளுக்கோஸ் என்னும் சர்க்கரையின் துகள்கள் ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலியே அது. ரயில்வேக்காரன் கண்ணுக்கு அது பெட்டிகள் பூட்டிய நீண்ட சரக்கு வண்டியாகத் தோன்றும். பூசணத்துக்கு வாயும் பல்லும் இல்லை. அது நொதி என்னும் சுரப்புகளைக் கசியவிடும். ஒருவகை நொதி வண்டியை நடுவில் பல இடங்களில் துண்டாக்கும். மற்றொன்று முனையிலிருந்து இரண்டிரண்டு பெட்டிகளாகக் கழற்றும். மூன்றாவது அந்த இரண்டையும் தனித்தனியே பிரிக்கும். இவ்வாறு கிடைத்த சர்க்கரைக் கரைசலில் ஈஸ்ட் இட்டுப் புளிக்க வைத்தால் எத்தனால் என்னும் சாராயச் சத்து உண்டாகும். அதனைப் பெட்ரோலோடு கலந்து வண்டி ஓட்டலாம்.

2025ல் நம் நாடு பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலையை எட்டியது. அதில் மிகப் பெரும்பகுதி கரும்பு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றிலிருந்து வந்ததாகும். உண்ணும் பொருளை வண்டிக்கு ஊற்றலாமா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. தானியத்தை மனிதனுக்கு விட்டு, தாளை மட்டும் எரிபொருளாக்க வல்லவை பூசணத்தின் நொதிகள். அரியானா மாநிலத்துப் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் அமைத்த ஆலை 10-8-2022 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்கு சுமார் 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பது அதன் திட்டம். நமக்கு அண்மையில், திருவனந்தபுரத்திலுள்ள தேசிய ஆராய்ச்சி நிலையத்திலும் பெனிசிலியம் என்ற பூசணத்தின் நொதியைக் கொண்டு ஆய்வு நடந்திருக்கிறது.

இதில் இடர்ப்பாடு இல்லையா என்றால், உண்டு. வைக்கோலில் செல்லுலோஸைச் சுற்றி லிக்னின் என்னும் பசை இறுகிக் கிடக்கிறது. நீராவியாலும் அமிலத்தாலும் முதலில் அதனைத் தளர்த்த வேண்டும். நொதியின் விலையும் அதிகம். மேலும் வைக்கோல் எடை குறைந்தது, இடம் மிகுதியாக அடைப்பது. லாரி நிறைந்திருக்கும், எடை ஏறியிராது. சரக்குக் கட்டணம் எழுதிப் பழகிய எனக்கு இது நன்கு விளங்கும்.

நம் பாலக்காட்டு வைக்கோலையும் இவ்வாறு ஆலைக்கு அனுப்பலாமே என்று சிலர் கேட்கக்கூடும். பஞ்சாபில் நெல் அறுத்துக் கோதுமை விதைப்பதற்கு இடைக்காலம் குறுகியதாகையால் தாளை வயலிலேயே கொளுத்துகிறார்கள். அங்கே ஆலை அமைப்பது நல்லது. இங்கோ வைக்கோல் மாட்டின் உணவு. நம் தாய்மார்கள் காளான் வளர்க்கும் படுக்கையும் அதுவே. மாட்டுக்கும் மண்ணுக்கும் கொடுத்தபின் எஞ்சியதே எந்திரத்துக்கு உரியது என்பது என் தாழ்மையான கருத்து. பசுவின் வாயிலிருந்து பறித்து வண்டி ஓட்டுவதை முன்னேற்றம் என்று கூற என் மனம் ஒப்பவில்லை.

இன்னொரு வியப்பையும் கூறிவிடுகிறேன். சாலமன் தீவில் கூடாரத்தைத் தின்ற பூசணத்தின் உறவினம் ஒன்றை நம் இடுக்கி மலை விவசாயிகள் நன்கு அறிவார்கள். மிளகுக் கொடியின் வாடலுக்கும் ஏலத்தின் அழுகலுக்கும் வேப்பம் புண்ணாக்கிலும் மக்கிய சாணத்திலும் கலந்து இடுகிறார்களே, டிரைக்கோடெர்மா, அதுதான்! தீய பூசணத்தை அடக்க நல்ல பூசணத்தை ஏவுகிறார்கள். ஒரே குலத்தில் அழிப்பதும் உண்டு, காப்பதும் உண்டு.

ஆகவே சிறுவர்களே, சிறுமியரே! உங்கள் வீட்டுச் சான்றிதழ்களை ஈரம் படாத இடத்தில் வையுங்கள். நகலெடுத்து வேறோர் இடத்திலும் வையுங்கள். அதையும் மீறி ஒரு பொருள் கெட்டுப்போனால், சபித்ததோடு நின்றுவிடாதீர்கள். கெடுத்தது எது, எவ்வாறு கெடுத்தது என்று கேளுங்கள். பாட்டனாரின் சீட்டு எங்களுக்குத் திரும்பி வரவில்லை. என் தங்கை இழந்த ஓராண்டும் வரவில்லை. எனினும் அன்று நாங்கள் கேட்காது விட்ட கேள்வியை நம் காலனிக் குழந்தைகளுள் ஒருவரேனும் நாளை ஆய்வுக்கூடத்தில் நின்று கேட்பாராயின், அந்த இழப்பு முற்றும் வீணன்று என்று என் மனம் ஆறுதல் அடையும்.