நெட் நின்னா செய்தி எப்படிப் போகும்?

(பாஞ்சாலங்குறிச்சி தகவல் தொழில்நுட்ப அணி பயிற்சிக் கூட்டத்தில் பேசியது. கேட்ட நண்பர்களுக்காக எழுத்தில்.)



2018 மே 22-ஐ நம்ம மாவட்டம் மறக்காது. துப்பாக்கிச்சூட்டுல 13 பேரை இழந்தோம். மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூணு மாவட்டத்துலயும் இணையத்தை நிறுத்துனாங்க. வதந்தியைத் தடுக்கன்னு காரணம் சொன்னாங்க. யார் எந்த ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னு தேடுனவங்களுக்கும் அதே கதவுதான் அடைபட்டது.

ஒரே உத்தரவுல எல்லாம் எப்படி நின்னுச்சு? பக்கத்துத் தெருவுக்கு அனுப்புற மெசேஜ்கூட எங்கயோ இருக்கிற சர்வருக்குப் போய்த்தான் திரும்புது. இதை மாத்தத்தான் மையம் இல்லாத செயலிகள் வந்துச்சு.

மொதல்ல வேண்டியது சாவி. உங்க போன்லயே ஒரு ஜோடி சாவி உருவாகும். ஒண்ணை ஊருக்கே கொடுக்கலாம், அதால பூட்ட மட்டும்தான் முடியும். திறக்கிற சாவி போனை விட்டு வெளியே போகாது. 1976-ல டிஃபி, ஹெல்மேன்னு ரெண்டு பேர் போட்ட அடித்தளம் இது. வாட்ஸ்அப்பும் 2016-லேர்ந்து பூட்டித்தான் அனுப்புது. ஆனா யார் யாருக்கு, எப்போ அனுப்புனாங்கங்கிற விவரம் சர்வருக்குத் தெரியும். நம்ம ஊமைத்துரை சைகையிலேயே உத்தரவு போட்டவர். சைகை புரியலேன்னாலும், யாரைப் பார்த்துக் காட்டுறார்னு எதிரிக்குத் தெரியும்ல? அதுவே பெரிய துப்பு.

ஃபைல் விஷயம் சுலபம். துண்டு துண்டா வெட்டி ஒவ்வொண்ணுக்கும் ஹாஷ்னு ஒரு கைரேகை. யார்கிட்டேர்ந்து வந்தாலும் ரேகை பொருந்துனா அசல் துண்டு. 2001-ல வந்த பிட்டோரண்ட் இப்படித்தான்.

கஷ்டம் வழியிலதான். நெட் இல்லாதப்போ ப்ளூடூத்ல போனுக்குப் போன் தாவணும். 2014-ல ஹாங்காங் போராட்டத்துல ஃபயர்சாட் இப்படி ஓடுச்சு. கூட்டம் நெருக்கமா இருந்தா சரி. இங்கேர்ந்து ஒட்டப்பிடாரம் வரைக்கும் கரிசக் காட்டுல யார் போன் இருக்கு? அதனால இன்னொரு முறை: சேர்த்து வெச்சு, கொண்டுபோய், கொடுக்கிறது. கடுதாசியைத் தோணிக்காரர் கையில கொடுத்துக் கொழும்புல சேர்க்கச் சொல்ற மாதிரி. உள்ளே என்னன்னு தோணிக்காரருக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். எல்லாரையும் நம்பிடாதீங்க. 2019-ல அதே ஹாங்காங்ல பரவுன பிரிட்ஜிஃபைல பெரிய ஓட்டை இருக்குன்னு 2020-ல லண்டன் ஆய்வாளர்கள் காட்டுனாங்க.

2023 மே மாசம் ப்ரையர், எலிமெண்ட் உட்பட 14 செயலிகளை மத்திய அரசு முடக்குச்சு. தீவிரவாதிகள் பயன்படுத்துறாங்கன்னு சொன்னாங்க. அந்தக் கவலையே பொய்னு நான் சொல்லல. ஆனா அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு 2017-ல உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகள் அமர்வுல சொல்லியிருக்கு. அதையும் சேர்த்துத்தான் பேசணும்.

நம்ம குரூப்புல தெரியாத நம்பரை 'நம்ம ஆளுதான்'னு சேர்த்துட்டா எந்தப் பூட்டும் உதவாது. வாட்ஸ்அப்ல ஒருத்தரோட விவரத்துல 'என்கிரிப்ஷன்'னு இருக்கிறதைத் தொட்டா ஒரு க்யூஆர் வரும். அதை நேர்ல ஸ்கேன் பண்ணுங்க. பூத் வாரியா இன்னைக்கே பண்ணிருவோம். ஒட்டப்பிடாரம் அண்ணாச்சிமார் மொதல்ல போனை எடுங்க.