நான்கு கார்டு போதும்

பீட்டில்ஸ் குழுவின் ‘லெட் இட் பீ’ 1970-இல் வந்த பாட்டு. அதன் பியானோ வாசிப்பை இன்று பலர் யூடியூப் பார்த்தே பழகுகிறார்கள். திரையில் வண்ணக் கோடுகள் மேலிருந்து இறங்கும். ஒரு கோடு எந்தக் கட்டையைத் தொடுகிறதோ அதை அழுத்த வேண்டும். பாட்டின் பெரும்பகுதிக்கு சி, ஜி, ஏ மைனர், எஃப் என்று நான்கே கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள். பெரும்பாலும் வெள்ளைக் கட்டைகள்தான்.

வலது கை சீக்கிரம் வசப்படும். இடது கைதான் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி அசையவே அசையாது! வீடியோவின் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், சுருதி மாறாது. இடது கையை மட்டும் தனியே வாசித்துப் பாருங்கள். கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தால் காது தூங்கிவிடும் என்பது என் கட்சி. இந்தப் பாட்டை எழுதி, பியானோவும் வாசித்த பால் மெக்கார்ட்னிக்கே இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது; அவருக்கும் காதுதான் துணை.