மீன் டானிக் வாங்குவதற்கு முன்

(மீன் வளர்க்கும் குழுக்களின் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



போன மாசம் ஒரு குழுவோட கணக்கு நோட்டைப் பார்த்தேன். கடன் வாங்கி, ஊர்க்குளத்தைக் குத்தகைக்கு எடுத்து கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கிறாங்க. தீவனச் செலவுக்குக் கீழே 'மீன் டானிக்' என்று ஒரு பெரிய தொகை. எதுக்குன்னு கேட்டேன். "கடையில கொடுத்தாங்க, வாங்கினோம்" என்றார்கள். அதை வாங்க முடிவெடுத்த கூட்டத்தில் நானும்தான் உட்கார்ந்திருந்தேன். நானும் கேட்கலை. அதனாலதான் இன்னைக்கு இதைப் பேசறேன்.

தீவனத்தோடு சேர்க்கும் பொருள்களில் முக்கியமானவை இரண்டு வகை. ஒன்று, வைட்டமின், தாது உப்பு. நம்மைப் போலவே பெரும்பாலான மீன்களுக்கும் வைட்டமின் சி-யை உடம்பிலேயே தயாரிக்க முடியாது. அது குறைந்தால் முதுகெலும்பு வளையும், புண் சீக்கிரம் ஆறாது. ஆனா தண்ணி இளம்பச்சையா இருக்கிற குளத்தில், மிதக்கும் நுண்ணுயிர்களைத் தின்றே மீன் நிறைய சத்தை எடுத்துக்கும். மீனை நெருக்கமா விட்டு, கைத்தீவனத்தையே நம்பி வளர்க்கும்போதுதான் கூடுதல் தேவை.

இரண்டாவது, புரோபயாடிக். தயிரில் இருக்கிற மாதிரி நல்ல கிருமிகள். குடலில் செரிமானத்துக்கு உதவும்.

இந்த இரண்டையும் சூடான கஞ்சியில் கலக்காதீங்க. சூட்டில் வைட்டமின் சி கெடும், நல்ல கிருமி சாகும். ஆறின கஞ்சியில், போடுவதற்குக் கொஞ்சம் முன்னாடி கலந்து உருண்டை பிடிக்கணும். பூஞ்சை பிடிச்ச கடலைப் புண்ணாக்கை என்ன கலந்தாலும் சரிசெய்ய முடியாது; அந்த விஷம் மீனின் ஈரலைக் கெடுக்கும்.

இன்னொன்று, ஆன்டிபயாடிக். அது சத்து இல்லை, மருந்து. குளோரம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்றவற்றை மீன் வளர்ப்பில் பயன்படுத்த நம்ம நாட்டில் தடை இருக்கு. வளர்ச்சிக்குன்னு யார் கொடுத்தாலும் வாங்காதீங்க. நம்ம பிள்ளைகளும் அந்த மீனைத்தான் சாப்பிடுது.

விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளந்தால் பெரும்பாலும் தண்ணியில் காற்று குறைவுன்னு அர்த்தம். டானிக் தேடி ஓடாதீங்க. தீவனத்தை நிறுத்துங்க, புதுத் தண்ணி விடுங்க. மிச்சத் தீவனம் அழுகினாலும் இப்படி ஆகும். 500 மீன், சராசரி 200 கிராம் என்றால் மொத்தம் 100 கிலோ. நூற்றுக்கு மூணு வீதம் ஒரு நாளைக்கு 3 கிலோ தீவனம் போதும். மிச்சம் கிடந்தால் குறைங்க.

இனி எந்தப் பாக்கெட் வாங்கும் முன்னாலும் மூணு கேள்வி கேளுங்க: இதில் என்ன இருக்கு? எங்க குளத்துக்கு எதுக்கு வேணும்? காலாவதி தேதி எப்போ? பதில் சரியா வரலைன்னா, மீன்வளத்துறை அலுவலரைக் கேட்டபிறகு தீர்மானம் எழுதுங்க. கடைக்காரர் பாக்கெட்டை விற்றுட்டுப் போயிடுவார். வட்டி கட்டப் போறது நாமதான்.