அபூர்வ மெஷின்: பூட்டி வைக்கவா, ஆடிப் பார்க்கவா?

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சிகாகோவிலிருந்து வர்றீங்க, பசங்களுக்கு உபயோகமா ஏதாவது பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். தலைப்பைச் சொன்னேன். "பின்பாலா? காபிக்குப் பின்னாடி குடிக்கிற பாலா?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் பலர் இதைச் சினிமாவில் பார்த்ததோடு சரி.

இந்தத் தலைப்பு வந்ததற்குக் காரணம் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். என் வகுப்புத் தோழர். இப்போது நியூ ஜெர்சியில் இருக்கிறார். ஓய்வு பெறப் போகிறார். பெட்டியே பிரிக்காத ஓர் அபூர்வ பின்பால் மெஷினை வாங்கி, பிரிக்காமலே பத்து வருஷம் வைத்திருந்து விற்கலாம் என்பது அவர் யோசனை. "தங்கம் மாதிரிடா!" என்கிறார். அவர் மனைவி எனக்குப் போன் செய்து, "அண்ணா, நீங்க சொன்னாத்தான் அவர் கேட்பார்" என்றார். ஆகவே ஒரு குடும்பத்தின் சேமிப்பு இந்தப் பேச்சில் இருக்கிறது. (இதைச் சொல்ல இருவரிடமும் அனுமதி வாங்கிவிட்டேன்!)

முதலில் விஷயம் என்ன என்று பார்ப்போம். சாய்வான ஒரு மரப் பலகை, மேலே கண்ணாடி. ஏறக்குறைய 80 கிராம் எடையுள்ள எஃகு குண்டு ஒன்று மேலிருந்து உருண்டு வரும். கீழே இரண்டு சிறு மட்டைகள். அவற்றுக்கு ஃபிளிப்பர் என்று பெயர். பொத்தானை அழுத்தினால் அவை குண்டை மேலே அடித்து அனுப்பும். குண்டு மட்டைகளுக்கு நடுவே விழுந்தால் போச்சு. அவ்வளவுதான் ஆட்டம்.

எலெக்ட்ரிகல் மாணவர்கள் கவனிக்கவும். அந்த மட்டையின் பின்னால் இருக்கும் சாலினாய்டு காயிலில் இரண்டு சுற்றுகள் உண்டு. ஒன்று பலமாக அடிக்க, இன்னொன்று குறைந்த மின்னோட்டத்தில் மட்டையைத் தூக்கிப் பிடித்திருக்க. மட்டை மேலே போய் நின்றதும் ஒரு சின்ன ஸ்விட்ச் முதல் சுற்றைத் துண்டிக்கும். அந்த ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டால் காயில் எரிந்துவிடும். நாம் லேபில் மாங்கு மாங்கென்று படித்த பாடம், அங்கே விளையாட்டாக ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த மெஷினுக்குத் தாய்வீடு சிகாகோ. காட்லீப், பாலி, வில்லியம்ஸ் என்று பெரிய கம்பெனிகள் எல்லாம் அங்கேதான் இருந்தன. 1947-இல் காட்லீப் கம்பெனியின் 'ஹம்ப்டி டம்ப்டி'யில்தான் மின்சார ஃபிளிப்பர் முதலில் வந்தது. அதற்கு முன் குண்டு எங்கே விழும் என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம். அதனாலேயே 1942-இல் நியூயார்க் மேயர் லா கார்டியா இதைச் சூதாட்டம் என்று தடை செய்து, மெஷின்களைச் சம்மட்டியால் உடைக்கவும் செய்தார். அந்தத் தடை 1976 வரை நீடித்தது.

தடை எப்படி நீங்கியது தெரியுமா? ராஜர் ஷார்ப் என்ற எழுத்தாளர் நகர சபையினர் முன்னிலையில் ஆடிக் காட்டினார். குண்டு எந்த வழியாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லி, அதே வழியில் போகவிட்டார். இது சூது அல்ல, திறமை என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். மெஷினைத் துடைத்து மாலை போட்டு வைத்திருந்தால் அந்தத் தடை நீங்கியிருக்குமா? ஆடினதால்தான் நீங்கியது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி 'அபூர்வம்' என்பதைப் பார்ப்போம். 1992-இல் வந்த 'ஆடம்ஸ் ஃபேமிலி' மெஷின் 20,000-க்கும் மேல் விற்றது. என் வீட்டு பேஸ்மென்ட்டில் இருப்பது அதுதான். ஒரு பெட்டியிலிருந்து ஒரு கை எழுந்து வந்து, காந்தத்தால் குண்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும். என் மகள் சின்ன வயதில் அந்தக் கையைப் பார்ப்பதற்காகவே ஆடுவாள். 1997-இல் வந்த 'மெடீவல் மேட்னஸ்' 4,000-க்குச் சற்று மேல்தான் செய்யப்பட்டது. 1999-இல் வில்லியம்ஸ் கம்பெனி பின்பால் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. கேட்பவர் அதிகம், சரக்கு கம்மி, விலை ஏறியது.

ஆனால் நண்பரே, இங்கேதான் சூட்சுமம். 2015 வாக்கில் வேறொரு கம்பெனி உரிமை வாங்கி, அதே 'மெடீவல் மேட்னஸை'ப் புதிதாகச் செய்து விற்க ஆரம்பித்தது. கேப்காம் கம்பெனி 1996-இல் 'பிக் பேங் பார்' என்ற மெஷினைப் பத்துப் பதினைந்து மாதிரிகளோடு நிறுத்திவிட்டது. 2007-இல் அதையும் வேறொருவர் நூற்றுக்கும் மேல் செய்து விற்றார். தங்கத்தை யாரும் தொழிற்சாலையில் செய்ய முடியாது. இதைச் செய்யலாம்! நீங்கள் காசு கொடுத்து வாங்கும் 'அபூர்வம்' உங்கள் கையில் இல்லை. அது இன்னொருத்தர் தொழிற்சாலையில் இருக்கிறது.

"சரி, பிரிக்காமல் வைத்தால் தேய்மானம் இல்லையே" என்பார். ஆடினால் தேயும், உண்மை. குண்டு ஓடி ஓடிப் பலகையின் வண்ணம் போகும். குண்டு விழும் குழிகளின் விளிம்பு சிதையும். ஆனால் சும்மா வைத்தாலும் கெடும். தொண்ணூறுகளின் வில்லியம்ஸ் மெஷின்களில் கம்ப்யூட்டர் போர்டின் மேலேயே மூன்று பேட்டரிகள் இருக்கும். அவை கசிந்தால் போர்டின் செம்புத் தடங்களைத் தின்றுவிடும். திறந்து பார்த்தால்தானே தெரியும்? ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்கும். மீட்டாத வீணையும் ஓட்டாத வண்டியும் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? ஆயுத பூஜைக்குக்கூட நாம் மெஷினுக்கு ஒரு நாள்தான் லீவு கொடுக்கிறோம். மறுநாள் விஜயதசமி, வேலை ஆரம்பம்.

ஆடுவதால் வரும் தேய்மானத்துக்கு வைத்தியம் உண்டு. குண்டில் சொரசொரப்பு வந்தால் அது பலகையை உப்புத்தாள் போலத் தேய்க்கும். புதுக் குண்டு ஓரிரண்டு டாலர், மாற்றிவிடலாம். பலகையைத் துடைத்து மெழுகு போடலாம். குழி விளிம்புகளுக்கு மெல்லிய எஃகுத் தகடு கிடைக்கிறது. பேட்டரியை வயர் இழுத்துப் போர்டை விட்டுத் தள்ளி வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேர வேலை. அந்த வேலையே பாதி சுகம்.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் இருக்கிறது. அதே கேப்காமின் 'கிங்பின்' பத்துக்கும் குறைவாகவே செய்யப்பட்டது. அப்படி ஒன்றில் ஒரு பிளாஸ்டிக் துண்டு உடைந்தால் கடையில் கிடைக்காது. அதைத் தினமும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் தட்டட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அப்போதும் மாதம் ஒருமுறை உயிர் கொடுங்கள், தெரிந்த நாலு பேருக்கு ஆடக் கொடுங்கள். இல்லையென்றால் அது மெஷின் இல்லை, சவப்பெட்டி.

மாணவர்களே, உங்களுக்கு ஒன்று. அபூர்வமானதை ஆடிப் பார்க்கப் பணக்காரனாக வேண்டியதில்லை. கலிஃபோர்னியாவில் அலமேடாவில் ஒரு பின்பால் அருங்காட்சியகம் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கொடுத்துவிட்டால் பழைய மெஷின்களைத் தொட்டு ஆடலாம். லாஸ் வேகாஸில் 'பின்பால் ஹால் ஆஃப் ஃபேம்' உண்டு. காசு போட்டு ஆடலாம். "தொடாதே" என்ற போர்டு இல்லாத அருங்காட்சியகங்கள் அவை. மேல்படிப்புக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள் போய்ப் பாருங்கள்.

கடைசியாக என் தோழருக்கு வருகிறேன். மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பணம் நாளைக்கே போய்விட்டால் வீட்டில் அடுப்பு எரியுமா? மூடியைத் திறந்து சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்க மனசு இருக்கிறதா? வீட்டில் யாராவது கூட நின்று ஆடுவார்களா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் வாங்குங்கள். ஆனால் பெட்டியைப் பிரியுங்கள்! ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் பணத்தைப் பேங்கில் போடுங்கள். ஆடம்ஸ் ஃபேமிலி என் வீட்டில் இருக்கிறது, தங்கையோடு வந்து ஒரு வாரம் தங்கி ஆடுங்கள். சாப்பாடு எங்கள் பொறுப்பு.

லாபத்துக்கு வாங்குகிறவருக்கு, விற்கிற அன்று ஒரு நாள்தான் சந்தோஷம். அதுவும் விலை ஏறியிருந்தால். ஆடுவதற்கு வாங்குகிறவருக்குத் தினமும் உண்டு. நாம் இங்கே படித்தது மெஷினை ஓட்ட. உறை போட்டு மூட அல்ல.