கூட்டம் பெருகினால் அவையைப் பிரிக்கலாமா?

(திருநாவலூரில் நடைபெற்ற திங்கட் கலந்துரையாடற் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தனியடியாரைப் பெயர்சுட்டியும், தொகையடியார் ஒன்பது வகையினரைத் தொகுத்தும், ஒரே திருத்தொண்டத் தொகையில் அமைத்துக் காட்டிய சுந்தரர் பிறந்த ஊர் இத் திருநாவலூர். ஆளும் மறையலாகாது, கூட்டமும் சிதறலாகாது. இவ்விரண்டையும் ஒருங்கே நெஞ்சிற் கொண்டு நம் முன்னுள்ள சிக்கலை ஆராய்வோம்.

பத்துப் பன்னிருவர் கூடிய திண்ணைப் பேச்சாகத் தொடங்கிய நம் கூட்டத்திற்கு இன்று அறுபதின்மர் வருகின்றனர். இதனைச் சிறு கூட்டங்களாகப் பிரித்தல் வேண்டும் என்பர் ஒரு சாரார். பிரித்தால் வலிமை போய்விடும் என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் நன்மை கருதியே பேசுகின்றனர்.

முதற்கண் கணக்கைப் பார்ப்போம். கூட்டம் மூன்று மணி நேரம்; அஃதாவது 180 மணித்துளி. அறுபதின்மர்க்குப் பகிர்ந்தால் ஆளுக்கு மூன்றே துளி. வணக்கங் கூறி அமர்வதற்கே அது சரியாகும். பன்னிருவர் கூடினாலோ ஆளுக்குப் பதினைந்து துளி. ஒரு கருத்தைச் சொல்லி, தடை கேட்டு, விடையிறுக்க அது போதும்.

அந்த மூன்று துளியேனும் எல்லார்க்கும் கிடைக்கின்றதா? இல்லை. ஐந்தாறு பேரே பொழுதெல்லாம் பேசிவிடுகின்றோம். பழகிய நாவுக்குப் பேரவை அச்சந் தருவதில்லை. புதிதாய் வந்த உழவரும், கல்லூரியிற் பயிலும் பெண்ணும், கைக்குழந்தையோடு வந்த தாயும் வாய் திறவாமலே திரும்புகின்றனர். மும்முறை அவ்வாறு திரும்பியவர் நான்காம் முறை வருவதில்லை. பெருங்கூட்டத்தில் ஓராள் குறைந்தது யார் கண்ணுக்கும் புலப்படுவதுமில்லை. நாம் இழப்பது இவர்களைத்தான்.

ஆகலின் பிரிக்க வேண்டும் என்பதே என் கருத்து. எனினும், எவ்வாறு பிரிப்பது என்பதில்தான் வாழ்வும் கேடும் உள்ளன.

பொருள் பற்றிப் பிரித்து, இலக்கணம் ஓரிடத்தும் வேளாண்மை ஓரிடத்துமாக வைத்தால், புலவர் புலவரோடும் உழவர் உழவரோடுமே பேசுவர். மதகு, கலிங்கு என்னும் ஏரிச் சொற்களின் நுட்பத்தை உழவர் வாயிலிருந்து புலவர் கேட்கும் வாய்ப்பு அன்றே அழியும். கற்றார், கல்லார் எனப் பிரிப்பதோ அதனினுங் கொடிது.

உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைப் பாருங்கள். முதற் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பெற்றவை அவை. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. குடவோலையால் தேர்ந்தவருள் 12 பேர் ஆண்டு வாரியத்திலும், 12 பேர் தோட்ட வாரியத்திலும், 6 பேர் ஏரி வாரியத்திலும் பணியாற்றினர். வாரியத்தில் இருந்தவர் பெயரை அடுத்த மூன்றாண்டுகள் குடத்தில் இடலாகாது. குடும்பு முப்பதாயினும் ஊரவை ஒன்றே. அது வேதியர் ஊர். நிலமும் மறைப்பயிற்சியும் உடையார்க்கே அங்கு இடமிருந்தது. அக்குறையை நாம் கொள்ள வேண்டா. அமைப்பை மட்டுங் கொள்வோம்.

நம் மண்ணிலும் சான்று உண்டு. 1993 வரை இப்பகுதி தென்னார்க்காட்டு மாவட்டம். அதன் தலைநகர் கடலூர். கல்வராயன் மலையில் வாழ்வார் மாவட்டத் தலைமையிடம் முறையீடு செய்ய வேண்டின் கடற்கரை வரை செல்லுதல் வேண்டும். 1993இல் விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. 2019 நவம்பர் 26ஆம் நாள் கள்ளக்குறிச்சி அதனினின்று பிரிந்தது. தொலைவு குறைந்தது. மாவட்டங்கள் பிரிந்தனவேயன்றிச் சட்டமன்றம் பிரியவில்லை.

இனி என் முன்மொழிவு. பிரிவு இடம் பற்றியதாகுக. திருநாவலூர், உளுந்தூர்ப்பேட்டை, திருக்கோவலூர், கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் என ஐந்து வட்டங்கள் அமையட்டும். வட்டத்திற்குப் பன்னிருவர் அளவில் இருப்பர். ஒவ்வொரு வட்டத்திலும் புலவரும் உழவரும் மகளிரும் இளையோரும் கலந்திருத்தல் வேண்டும். ஓராண்டு தலைமை ஏற்றவர் அடுத்த மூன்றாண்டுகள் ஏலாதிருக்க. கிளை தொடங்கியவரே தனிக்கொடி தூக்கும் வழக்கத்தை நாம் கண்டிருக்கிறோம். அதற்கு இதுவே காப்பு.

முடிவும் பணமும் பேரவைக்கே உரியனவாகுக. மூன்று திங்கட்கு ஒருமுறை இங்கே அனைவரும் கூடுவோம். அன்று வட்டத்தின் கருத்தை எடுத்துரைப்பவர், முன்பு பேரவையிற் பேசாத ஒருவராக இருத்தல் வேண்டும். எட்டுப் பேர்க்குக் குறைந்த வட்டம் அண்டை வட்டத்தோடு சேர்ந்துவிடுக.

ஓராண்டு இவ்வாறு நடத்திப் பார்ப்போம். ஆண்டு முடிவில் எத்தனை பேர் வந்தனர் என்பதோடு, எத்தனை பேர் வாய் திறந்தனர் என்பதையும் எண்ணுவோம். அவ்வெண்ணிக்கை உயரவில்லையாயின், மீண்டும் ஒன்றாய்க் கூடுவதற்கு நாணவேண்டா.

இப்பொழுது நான் அமர்கின்றேன். பின்வரிசையில் இருப்போர் முதலிற் பேசுமாறு அவைத்தலைவர் அவர்களை வேண்டிக்கொள்கின்றேன்.