செயற்கை நுண்ணறிவும் தொழிலாளர் சட்டமும்: பொலோஞ்ஞா தீர்ப்பை முன்வைத்து

வேலையிடத்தில் செயற்கை நுண்ணறிவை அரசு எப்படிக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதில் எனக்கும் இந்த அவையில் இருக்கும் சிலருக்கும் நெடுநாளாகக் கருத்து வேறுபாடு உண்டு. உங்களில் பலர் அறிந்ததே. கருவியைத் தணிக்கை செய்யவேண்டும், அறிக்கை வெளியிடச் செய்யவேண்டும், ஆபத்துக்கேற்பத் தரம் பிரிக்கவேண்டும் என்பது அவர்கள் கட்சி. எனக்கோ அந்தக் கருவி யார் கையிலிருந்து யார்மீது பாய்கிறது என்பதே முதற்கேள்வி. ஆகவே இது தொழிலாளர் சட்டத்தின் வேலை. விவரம் கேட்கவும் வழக்காடவும் தொழிற்சங்கத்துக்கு உரிமை தராத ஒழுங்குமுறை ஏட்டோடு நின்றுவிடும் என்பது என் கட்சி.

இதற்கு நான் எப்போதும் காட்டும் சான்று, இத்தாலியின் பொலோஞ்ஞா நீதிமன்றம் 2020 டிசம்பர் 31 அன்று அளித்த தீர்ப்பு. உணவு கொண்டுசேர்க்கும் டெலிவரூ நிறுவனம் 'ஃபிராங்க்' என்ற அல்காரிதத்தைக் கொண்டு ஊழியர்களை வரிசைப்படுத்தியது. அடுத்த வாரத்துக்கான ஷிஃப்டுகளைத் திங்கட்கிழமை பிடித்துக்கொள்ளவேண்டும். மதிப்பெண் உயர்ந்தவர்களுக்குக் காலை 11 மணிக்கே செயலி திறக்கும். அடுத்த நிலையினருக்குப் பிற்பகல் 3 மணிக்கு. மற்றவர்களுக்கு மாலை 5 மணிக்கு. கடைசியாக நுழைபவருக்கு நல்ல நேரங்கள் மிஞ்சுவதில்லை. மதிப்பெண்ணுக்கு அடிப்படை இரண்டு. ஒன்று, வெள்ளி முதல் ஞாயிறு வரை இரவுச் சாப்பாட்டு நேரத்தில் எத்தனை முறை வேலைக்கு வந்தார் என்பது. மற்றொன்று 'நம்பகத்தன்மை': பிடித்த ஷிஃப்டை 24 மணி நேரத்துக்கு முன்பே விட்டுக்கொடுக்காமலும், தொடங்கிய 15 நிமிடத்துக்குள் தம் பகுதியில் செயலிக்குள் வராமலும் போனால் அது சரியும். காய்ச்சலில் படுத்தவர், குழந்தைக்கு முடியாமல் வீட்டில் இருந்தவர், வேலைநிறுத்தத்தில் நின்றவர், சும்மா வராமல் போனவர் என எல்லாரும் அதற்கு ஒன்றே.

எல்லாரையும் ஒரே அளவுகோலால் அளந்தோம், இதில் பாகுபாடு எங்கே என்பதே இத்தகைய வழக்குகளில் நிறுவனங்களின் வழக்கமான வாதம். நீதிபதி அங்கேதான் கூர்ந்து பார்த்தார். இரண்டு சந்தர்ப்பங்களில் மட்டும் ஃபிராங்க் காரணத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டது: பணியில் விபத்து நேர்ந்து அடுத்த ஷிஃப்டுக்கு வர முடியாதபோதும், செயலியே பழுதானபோதும். ஆகவே காரணம் பார்க்க அதற்குத் தெரியும்; நோயையும் வேலைநிறுத்தத்தையும் பார்க்கவேண்டாம் என்பது நிறுவனமே எடுத்த முடிவு. இது மறைமுகப் பாகுபாடு என்று தீர்ப்பாயிற்று. இங்கே நண்பர்கள் கவனிக்க வேண்டியது மூன்று. ஒன்று, வழக்குத் தொடுத்தவை சிஜிஐஎல் கூட்டமைப்பைச் சேர்ந்த தொழிற்சங்கங்கள். தனி ஊழியர் ஒருவரும் தம் பெயரைக் கொடுத்து மாட்டிக்கொள்ள நேரவில்லை. இரண்டாவது, கணினி நிரலை யாரும் தணிக்கை செய்யவில்லை. விளக்கும் பொறுப்பு நிறுவனத்தின்மீது விழுந்தது, அது முழுமையாக விளக்காதது அதற்கே பாதகமாயிற்று. மூன்றாவது, பயன்பட்டது பழைய பாகுபாட்டுத் தடைச்சட்டம். செயற்கை நுண்ணறிவுக்கெனத் தனிச்சட்டம் எதுவும் அப்போது இல்லை.

தணிக்கை வழி என்ன ஆயிற்று என்பதற்கு நியூயார்க் நகரம் சாட்சி. ஆளெடுக்கும் கருவிகளை ஆண்டுதோறும் தணிக்கை செய்து சுருக்கத்தை இணையதளத்தில் வெளியிடவேண்டும் என்ற அந்நகரின் 144ஆம் எண் சட்டம் 2023 ஜூலை 5 முதல் அமலாக்கப்பட்டது. ஆய்வாளர்கள் 391 நிறுவனங்களைத் தேடிப் பார்த்தார்கள். தணிக்கை அறிக்கை போட்டிருந்தவை 18, விண்ணப்பதாரருக்கான அறிவிப்பு வைத்திருந்தவை 13. தன் கருவி சட்டத்துக்குள் வருமா வராதா என்பதை முதலில் முடிவு செய்பவர் முதலாளியே. இந்த ஓட்டையை அடைக்காமல் தணிக்கையாளருக்குத் தகுதித் தேர்வு வைப்பது பற்றிக் கருத்தரங்கம் நடத்துவது வீண்வேலை என்றே சொல்வேன்.

ஃபிராங்க் வெறும் மதிப்பெண் பட்டியல், அதைச் செயற்கை நுண்ணறிவு எனலாமா என்று கேட்பார்கள். நல்ல ஷிஃப்டை இழந்தவருக்கு அந்த வேறுபாட்டால் ஆவதொன்றுமில்லை. தீர்ப்பு வருமுன்பே அந்த முறை கைவிடப்பட்டிருந்தது, 50,000 யூரோ இழப்பீடும் சங்கங்களுக்கே போயிற்று என்ற மறுப்புக்கு எடை உண்டு. நீதிமன்றம் தாமதமாகவே வரும். அதனால்தான் ஸ்பெயின் 2021இல் செய்த திருத்தத்தை வரவேற்கிறேன்: பணிநிலைமையையும் வேலையில் நீடிப்பதையும் தீர்மானிக்கும் அல்காரிதங்களின் விதிகளை ஊழியர் பிரதிநிதிக் குழுவுக்குத் தெரிவித்தாக வேண்டும், இது டெலிவரி நிறுவனங்களுக்கு மட்டுமன்று, எல்லாத் தொழிலுக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் வேலையிடத்தில் உணர்ச்சியைக் கணிக்கும் கருவிகளை, மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்கள் நீங்கலாக, 2025 பிப்ரவரி முதல் தடைசெய்ததும் நல்லதே. ஆனால் ஆளெடுப்பு, பணிநீக்கம் தொடர்பான கருவிகளுக்கு அதே சட்டம் தயாரிப்பாளரின் சுயமதிப்பீட்டோடு பெரும்பாலும் திருப்தியடைகிறது.

நேரம் நெருங்கிவிட்டதால் மேலாய்வுக்குரியவற்றைச் சுட்டி நிறுத்துகிறேன். கர்நாடகம் 2025இல் கொண்டுவந்த கிக் தொழிலாளர் (செயலிவழி வேலை செய்வோர்) சட்டம் தானியங்கிக் கண்காணிப்பு பற்றித் தெரிவிக்கச் சொல்கிறது. யாருக்கு, எந்த மொழியில் என்று நடைமுறையில் பார்க்கவேண்டும். தமிழ்நாட்டில் 2023இல் கிக் தொழிலாளருக்கென அமைந்த நலவாரியம் மதிப்பெண் விவரம் கேட்கும் அதிகாரம் பெற முடியுமா என்பது சட்ட மாணவர் ஒருவருக்கு நல்ல ஆய்வுப்பொருள். கிடங்குத் தொழிலாளருக்கு விதிக்கப்படும் வேலை இலக்குகள் பற்றிய கலிஃபோர்னியாச் சட்டத்தை ஸ்பெயின் திருத்தத்தோடு ஒப்பிடலாம். தொழிலாளர் நீதிமன்றங்களில் செயலி தொடர்பான வழக்குகளைத் தொகுக்கும் பணியை, இந்தச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்த துறையே எடுத்துக்கொள்ளலாம்.